பேர் சொல்லாத திருப்பம்

வெங் ஃபாய் விழுந்த இடத்தில் மூங்கில் சாரத்தை இன்னும் பிரிக்கவில்லை. போர்த்துக்கீசியர் காலத்து மஞ்சள் வீடு. அதற்கு வண்ணம் பூச ஏறியவர்தான் என் கணவர். அவருடைய சட்டையைக் கையில் மடித்து வைத்துக்கொண்டு அங்கே நின்றேன். எனக்கு அழுகை வரவில்லை. சவ அடக்கத்தன்றும் வரவில்லை, மக்காவ் நகரம் முழுக்க அதைப் பேசித் தீர்த்துவிட்டது.

வெளியே விழுந்து செத்தவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே வீடுவரை நடத்தி அழைத்துவர வேண்டும். இல்லாவிட்டால் அங்கேயே நின்றுவிடுவார்கள்.

“திருப்பத்துக்குத் திருப்பம் பேரச் சொல்லு, லாய் குன்,” என்றாள் அவருடைய அக்கா சாவ் ஹா, ஊதுபத்தியைக் கொளுத்தியபடி. “பேர் சொல்லாம வான்னா, சும்மா நிக்கிறவன் எவனாவது வந்துருவான். திரும்பியும் பாக்காத.”

“இடிஞ்ச சர்ச் வழியா போனா சீக்கிரம் போயிரலாமே, அண்ணி?”

“அந்தக் கூட்டத்துலயா? போட்டோ புடிக்கிறவனுங்க நடுவுல தொலைஞ்சுருவான். மாஜோங் சூதாடுற வீட்டுக்குன்னா கண்ண மூடிட்டுப் போவான். சொந்த வீட்டுக்குத்தான் தொரைக்கு வழி தெரியாது.” சிரித்தவள் அப்படியே மூக்கைச் சிந்தினாள்.

சந்துகளுக்குள் நுழைந்தோம். மதிய வெயில் அங்கே இறங்கவில்லை. பாசிச் சுவர்களில் கருவாட்டு வாடை ஊறிக் கிடந்தது. அண்ணி பத்தியோடு முன்னால் போனாள். நான் கூப்பிட்டுக்கொண்டே பின்னால் நடந்தேன்.

“வெங் ஃபாய், இடது பக்கம் திரும்புறோம். வெங் ஃபாய், படி இறங்குறோம்.”

பின்னால் ரப்பர் செருப்பு இழுபடும் சத்தம் கேட்டது. அவருடைய நடைதான். சந்தோஷமோ பயமோ வரவில்லை. உடம்பும் மனசும் மரத்துப்போயிருந்தன.

கிணற்றுச் சந்தில், பச்சை ஜன்னல் வீட்டு முனையில், வாய் தானாகச் சொன்னது.

“இந்தப் பக்கம். வா.”

பேரைச் சொல்லவில்லை.

செருப்புச் சத்தம் நின்றது.

கொஞ்சம் பொறுத்து, வேறொரு நடை.

தோல் பூட்ஸ். நிதானமாக வந்தது.

நனைந்த மரமும் பழைய சுருட்டும் கலந்த வாடை என் பிடரியில் பட்டது. திரும்பக் கூடாது. நடந்தேன்.

வீட்டில் சட்டையை அவர் நாற்காலியில் விரித்துப் போட்டு, முன்னால் கிண்ணம் வைத்துத் தேநீர் ஊற்றினேன்.

டொக். டொக்.

தேநீர் ஊற்றியவருக்கு விரலால் மேஜையைத் தட்டுவதுதான் எங்கள் ஊரில் நன்றி.

“வந்துட்டான்! என் தம்பி வந்துட்டான்டி!” அண்ணி மேஜைமேல் கவிழ்ந்து அழுதாள்.

அவளிடம் எப்படிச் சொல்வேன்? கடைப் பையனுக்குக்கூடத் தட்டுகிற வெங் ஃபாய், கல்யாணமான நாளிலிருந்து எனக்கு ஒருமுறையும் தட்டியதில்லை. “பொண்டாட்டிக்கு எதுக்கு நன்றி?” என்பார்.

அவர் கிணற்றுச் சந்து முனையில் நிற்கிறார். பேரைச் சொன்னால் வந்துவிடுவார். தினமும் செருப்பை மாட்டிக்கொண்டு வாசல்வரை போகிறேன். பின்னால் தேநீர்க் கெண்டியின் மூடி நகர்கிறது. இன்னும் வேண்டுமென்றால் மூடியைத் திறந்துவைப்பது வழக்கம்.

செருப்பைக் கழற்றிவிட்டுப் போய் ஊற்றுகிறேன்.

டொக். டொக்.