சத்தத்துக்கு அழுத்திய பட்டன்

எதிரே நின்று பேசிய சாம்ராஜின் வலது காது இருக்க வேண்டிய இடத்தில் குடோன் சுவர் தெரிந்தது. பேச்சிராஜ் கண்ணைக் கசக்கினான். காது வந்தது. கூடவே எரிச்சலும் வந்தது.

எல்லாம் அந்தக் கண் ஆஸ்பத்திரிக்காரியால். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவனுக்கு எழுத்து வாசித்தால் போதாதா? கடைசி வரி வரை கடகடவென்று வாசித்தானே. இடப்பக்க ரேக்கில் அடிக்கடி இடிக்கிறானாம். அதற்காக ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைக்கச் சொன்னாள், சுகப்பிரியா என்கிற அந்தப் பெண். நேரே பார்க்கணும், ஓரத்தில் வெளிச்சப் புள்ளி தெரிந்தால் பட்டனை அழுத்தணும். புள்ளி ரொம்ப நேரம் வரவேயில்லை. ஆனால் உள்ளே மிஷின் ‘டிக்’கென்று நகர்வது கேட்டது. மிஷின் சத்தத்தை வைத்தே பிழைப்பவனுக்கு அது போதும். டிக்குக்கு ஒரு அழுத்து.

“வெளிச்சமே காட்டாதப்பவும் அழுத்துறீங்க அண்ணா. இத வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. மூளையில கூட பிரச்சினை இருக்கலாம். மறுபடி டெஸ்ட் பண்ற வரைக்கும் வண்டி எடுக்காதீங்க.”

“என் சோத்துல மண்ணப் போடப் பாக்கியாம்மா?” என்று எழுந்து வந்துவிட்டான். சூப்பர்வைசரிடம் கண் நல்லாயிருக்கிறது என்று சொல்லிவிட்டான்.

“இன்னாபா, மூஞ்சே சரியில்ல. லீவு போடேன்,” என்றான் சாம்ராஜ். வண்டிக்கு வழிகாட்டி அவன்தான்.

“நீயுமால? சோலியப் பாரு.”

“சரி, நான் லெஃப்ட்ல வர்றேன்.”

வண்டியில் ஏறி ஓட்டினான். ஒரகடத்து மத்தியான வெயில் ஷெட் தகரத்தைக் கொளுத்த, ரப்பர் நெடியும் கிரீஸ் நெடியும் மோட்டாரின் இரைச்சலும் அவன் தலைக்குள்ளேயே புகுந்து சுற்றுவதுபோல இருந்தது. இடப்பக்கம் இருட்டில்லை, மங்கலில்லை. கழுவிவிட்ட மாதிரி சிமென்ட் தரை, மஞ்சள் கோடு. சாம்ராஜைக் காணோம். டீ குடிக்கப் போயிருப்பான், பொறுப்புகெட்ட பயல்.

ஷூ சத்தம் மட்டும் கூடவே வந்தது.

திரும்பிப் பார்த்தான். தரை. பயப்படுவதற்காகத் தன்மேலேயே கோபம் வந்தது. வீம்பாக ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடித்தான்.

“பேச்சி—”

சக்கரம் எதன்மேலோ ஏறியது. இறங்கியது. ஷூ சத்தம் நின்றது.

இறங்கி மண்டியிட்டான். பார்த்தான். ஒன்றுமில்லை. சுத்தமான தரை. அறுபடாத மஞ்சள் கோடு.

இடது கையை நீட்டித் தடவினான். துணி. சூடு. ஈரம்.

மணிக்கட்டுக்கு அப்பால் அவன் கை இல்லை. தரைதான் இருந்தது. இல்லாத அந்தக் கையை யாரோ இறுகப் பிடித்தார்கள்.