அலமாரியில் இல்லாத கிணறு

காலை பத்து மணி வகுப்பில்தான் அந்த இழப்பு தெரியவந்தது.

கல்லூரி நூலகத்தில் முதலாண்டு மாணவர்களுக்குத் தகவல் தேடக் கற்றுக்கொடுப்பவர் நூலகர் அம்மையார். கணினியில் எண்ணைப் பார், அலமாரிக்குப் போ, தலைப்பை நம்பாதே, பொருளடக்கத்தைத் திற. இந்த வரிசை பிசகினால் அவருக்குக் கோபம் வரும். அன்று ‘கிணறுகளின் ஆழம்’ என்ற நூலை எடுத்துவரச் சொன்னார். போனவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். கீழ்த்தளத்து நிலவியல் அலமாரியில், அந்த நூல் நின்ற இடத்தில் கட்டைவிரல் அகலத்துக்கு இருட்டு மட்டும் நின்றது.

வேறெங்கும் பிரதி இல்லாத நூல்; வெளியே கொடுக்கப்படாத நூல்.

முதல்வர் தொலைபேசியில் வெடித்தார். “சாயங்காலத்துக்குள்ள புத்தகம் வரலேன்னா அந்த ஏணிய வீட்டுக்கு அனுப்பிடுங்க மேடம். மேசையில கிடக்கறத எடுத்து அடுக்கறது அவன் வேலைதானே?”

ஏணி என்பது அடுக்கும் ஊழியருக்கு உயரம் வாங்கித் தந்த பெயர். வாசகர்கள் படித்த நூலை மேசையிலேயே விட்டுச் செல்ல வேண்டும். அவர்தான் அதை அதற்குரிய இடத்தில் வைப்பார். அது நூலகர் போட்ட விதி.

முதலில், அந்த நூலைக் கடைசியாகப் படித்த மாணவியை விசாரித்தார். எதற்கும் ஐயம் கேட்பதால் அவளைச் ‘சந்தேகம்’ என்று அழைப்பார்கள்.

“எங்க விட்டே?”

“ஜன்னலோர மேசையில மேடம். நேத்து மூடற மணி அடிச்சதும் அப்படியே கவுத்து வச்சுட்டு ஓடினேன்.”

“பையில போட்டுக்கலயே?”

“வாசல்ல இருக்கற மிஷின் சும்மா விடுமா மேடம்? என் சாப்பாட்டு டப்பாவுக்கே கத்துது!”

அது உண்மை. நூல் திருட்டைப் பிடிக்கும் அந்த எந்திரம் முந்தைய நாள் எந்த நூலுக்கும் கத்தவில்லை. ஆகவே நூல் கட்டடத்தைவிட்டுப் போகவில்லை.

அடுத்தவர் ஏணி. “நான் வர்றப்ப மேசை காலிங்கம்மா. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்னு ஆயிடுச்சு. ரெண்டு பொண்ணுங்க படிக்குதுங்க, எங்க போய் நிப்பேன்?”

“அப்போ வேற யார் இருந்தாங்க?”

“யாருமில்ல. பெரியவரு மட்டுந்தான், வழக்கம்போல. இன்னிக்கு அவரு மாடிக்குப் போயிட்டாரு. நல்லதாப் போச்சு, ஜன்னலத் துடைச்சேன்.”

பெரியவர் ஓய்வுபெற்ற வரலாற்றுப் பேராசிரியர். முழங்கால் வலிக்காரர். வருவார், நிலவியல் அலமாரியை ஒட்டிய சன்னலோர நாற்காலியில் அமர்வார், போவார். எந்த நாற்காலியையும் யாரும் விசாரிப்பதில்லையே. அவரும் அப்படித்தான் ஆகிவிட்டிருந்தார்.

தேர்வுக் காலத்தில் மாணவர்கள் நூல்களை ஒளித்துவைக்கும் இடங்கள் அனைத்தும் நூலகருக்கு அத்துப்படி. வரிசைக்குப் பின்னால், கடைசித் தட்டின் அடியில், பழைய இதழ்க் கட்டுகளுக்கிடையில் என்று துழாவினார். தூசிதான் கிடைத்தது.

மதிய இடைவேளையில் கூடம் காலியாயிற்று. நூலகர் தம் மேசையில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார். சோறு இறங்கவில்லை. ஏதோ குறைந்தது. அதுவரை அவர் கவனித்ததே இல்லை: இந்த வேளையில் கூடத்தில் இருவர் இருப்பார்கள். அவர் இங்கே, பெரியவர் அங்கே. பல ஆண்டுகளாக ஒரு சொல்கூடப் பரிமாறிக்கொள்ளாத இருவர்.

சன்னல் திறந்திருந்தது. காற்றுக்காகத்தான் பெரியவர் அங்கே உட்காருகிறார் என்பது எல்லாருடைய எண்ணம். அதே காற்று இன்றும் வீசிற்று. நாற்காலி மட்டும் காலி.

நூலகர் டப்பாவை மூடினார்.

மாடியில், வரலாற்று அலமாரியின் எதிரே பெரியவர் அமர்ந்திருந்தார். அவர் எழுதிய நூல் மூன்றாம் தட்டில் இருந்தது. அதன் தோளோடு தோள் உரசிக்கொண்டு நின்றது ‘கிணறுகளின் ஆழம்’.

“சார், நீங்கதான் கொண்டுவந்து வச்சீங்க.”

“ஆமாம்மா. எப்படிக் கண்டுபிடிச்சீங்க?”

“வரலாற்றுக்காரருக்கு நிலவியல் அலமாரிப் பக்கத்துல என்ன வேலைன்னு நான் ஒருநாளும் யோசிக்கல. இன்னிக்குப் புத்தகமும் இடம் மாறியிருக்கு, வலிக்கிற காலோட நீங்களும் மாடியேறி வந்திருக்கீங்க. நீங்க உக்காந்தது காத்துக்காக இல்ல, இந்தப் புத்தகத்துக்காக. ஆனா ஏன்னுதான் புரியல.”

பெரியவர் கண்ணாடியைக் கழற்றினார்.

“என் சம்சாரம் எழுதினது. கல்யாணத்துக்கு முன்னாடி, அவங்கப்பா பேரோட. அதான் யாருக்கும் தெரியாது. முதல்ல ரெண்டு புத்தகமும் இப்படித்தான் பக்கத்துல இருந்துச்சு. அவ கண்ண மூடினதுக்கப்புறம் நீங்க எல்லாத்துக்கும் புது எண் போட்டீங்க. அவ கீழ போயிட்டா. நானும் கீழ வந்து உக்காந்துக்கிட்டேன்.”

“நேத்து?”

“மேசையில குப்புறக் கிடந்தா. எடுத்து வைக்கலாம்னுதான் எடுத்தேன். கால் தானா படியேறிடுச்சு.”

“ஏணிக்கு வேலை போற நிலைமை சார். நீங்க சொல்லியிருக்கலாமே?”

பெரியவர் திடுக்கிட்டு எழ முயன்றார். “ஐயையோ! எனக்குத் தெரியாதேம்மா. யாரும் எங்கிட்ட ஒண்ணும் கேக்கலயே.”

நூலகர் நூலைக் கையில் எடுத்தார். பிறகு விதியைப் பற்றிக்கொண்டார். “ஆனா இது கிணறு சார். இடம் கீழதான்.”

“தலைப்பச் சொல்றீங்க. உள்ள பாத்தீங்களா?”

நூலகர் பொருளடக்கத்தைத் திறந்தார். யார் தோண்டினார்கள், யாருக்கு நீர் மறுக்கப்பட்டது, வற்றியபின் யார் ஊரைவிட்டுப் போனார்கள். மண்ணையும் பாறையையும் பற்றி ஓர் இயல்கூட இல்லை.

மாலையில் முதல்வரை அவரே அழைத்தார்.

“புத்தகம் கிடைச்சிடுச்சு சார். திருட்டு இல்ல. தப்பான இடத்துல இருந்துச்சு.”

“வச்சது யாரு? ஏணிதானே?”

“இல்ல சார். பொருளடக்கத்தப் பாக்காம எண் போட்டவங்க.”

“யாரது? பேரச் சொல்லுங்க, உடனே விளக்கம் கேக்கறேன்.”

“கேளுங்க சார். நான்தான்.”



மறுநாள் மதியம் ஏணி சன்னலோர நாற்காலியைத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு மாடியேறினார். பின்னால் நூலகர், கையில் சாப்பாட்டு டப்பாவுடன்.

“ஏம்மா, புத்தகத்துக்கு ஒட்டின மாதிரி இந்த நாற்காலிக்கும் புது எண் ஒட்டணுமா?”

“வாயை மூடிக்கிட்டு நேரா வை. கால் ஆடுது பாரு.”

நூலகர் அதைப் பெரியவருக்கு எதிரே இழுத்துப் போட்டு அமர்ந்தார். டப்பாவைத் திறந்து, சோற்றில் பாதியை அதன் மூடியில் எடுத்துவைத்து, அவர்பக்கம் நகர்த்தினார்.

“சொல்லுங்க சார். அவங்க முதல்ல பாத்த கிணறு எது?”