கதவுக்கு வெளியே ஒரு சொல்

கதவடியில் நனைத்து வைத்த துவாய் அதற்குள் காய்ந்திருந்தது. அதுகூடப் பரவாயில்லை, வெளியிலிருந்து யாரோ விரல் விட்டுத் தள்ளியதுபோல் அதன் ஒரு முனை உள்ளே நகர்ந்திருந்தது. சத்தியபாமா அதை வாளித் தண்ணீரில் முக்கி, மறுபடியும் இடுக்கில் அழுத்தினாள்.

சிட்னிக்கு மேற்கே மலைச்சரிவில் இருந்த அந்தப் பாலர் பள்ளியில் அவள் ஆசிரியையாகச் சேர்ந்த பின் வந்த முதல் கோடை அது. தலைமை ஆசிரியை பாதிப் பிள்ளைகளைக் காரில் கொண்டுபோனதும், காட்டுத்தீ பாதையை அடைத்துவிட்டது. மிச்சப் பிள்ளைகள் மண்டபத்து நடுவில் கம்பளிப் போர்வைகளுக்குக் கீழே ஒடுங்கிக் கிடந்தார்கள்.

தீயணைப்புத் தொண்டர்களோடு போயிருந்த அவள் கணவர் விக்னராஜா, தொலைபேசி அறுந்துபோகுமுன் சொன்னது இவ்வளவுதான்: "நெருப்புக் கடந்து போகுமட்டும் கதவைத் திறவாதையும், பாமா. திறந்தா தணல் உள்ள வந்திடும். தண்ணி வண்டியோட வாறன்."

பட்டப்பகலிலேயே ஜன்னல்கள் செம்மண் நிறமாகி, பிறகு கறுத்து, யூக்கலிப்டஸ் எண்ணெய் எரியும் காரமான மணம் சுவர்களின் கீறல்களுக்குள்ளால் கசிந்து, கூரைத் தகரம் முறுகி முனகத் தொடங்கிய நேரத்தில் கதவு தட்டப்பட்டது.

"பாமா, நான்தான். திறவும்."

அவருடைய குரல். அந்தச் சின்ன இருமல்கூட அவருடையதுதான்.

"நெருப்புக் கடக்கட்டும். கொஞ்சம் பொறுங்கோ."

"கால் வேகுது, பாமா."

அவள் கை தாழ்ப்பாளுக்குப் போனது. இரும்பு சுட்டது. வெளியே மரங்கள் வெடித்துக்கொண்டிருந்தன. கதவை ஒட்டிய அந்தத் திறந்த விறாந்தையில் ஒரு மனிதனால் நிற்க முடியுமா?

"மிஸ், கதவைத் திறக்கமாட்டீர்களா?" என்று போர்வைக்குள்ளிருந்து ஆங்கிலத்தில் கிசுகிசுத்தாள் ஜெனி.

"திறக்கமாட்டீரோ? அப்ப நான் போறன்," என்றது வெளியிலிருந்த குரல்.

தாழ்ப்பாளில் அவள் கை அப்படியே நின்றது.

பாண் வாங்கக் கடைக்குப் போனால்கூட விக்னராஜா, போய்விட்டு வருகிறேன் என்னும் பொருளில், "போட்டு வாறன்" என்பார். அவள் வாய் தவறிப் "போறன்" என்றால், "அப்ப திரும்பி வரமாட்டீரோ? நான் வேற ஆளைப் பாக்கட்டோ?" என்று சீண்டுவார். அந்த வெறும் "போறன்" அவர் வாயில் ஒருநாளும் வந்ததில்லை.

"நீ அவரில்லை," என்றாள். அந்தக் குரலை முதன்முதலாக 'நீ' என்றாள். கதவில் முதுகைக் கொடுத்துக் கத்தினாள்: "போறதெண்டா போ! இதுகளில ஒண்டின்ர தலைமயிரைக்கூட உனக்குத் தரமாட்டன். என்ர மனுசன் போட்டு வாறன் எண்டுதான் சொல்லுவார், மடையா!"



பிறகு, கதவோடு வாய் வைத்து. மெல்ல. பாடம் ஒப்பிக்கும் பிள்ளைபோல்.

"போட்டு... வாறன்."

துவாய் அசைந்தது. அவள் காலால் மிதித்துக்கொண்டாள். கூரை இரைந்தது. அதிர்ந்தது. நெருப்புக் கடந்ததும் அடங்கியது.

தண்ணி வண்டியின் மணி கேட்டும் அவள் திறக்கவில்லை. ஜன்னல் கண்ணாடியில் கணவரின் கரி படிந்த முகத்தையும், பின்னால் வெள்ளைக்காரத் தொண்டர்களையும் பார்த்த பிறகே திறந்தாள். பிள்ளைகள் எல்லாரும் உயிரோடு வண்டியில் ஏறினார்கள். கதவின் வெளிப்பக்கத்தில் பத்து விரல்கள் வண்ணத்தை உருக்கி இறங்கிய தடங்கள் இருந்தன.

"என்ன பாக்கிறீர்?"

"ஒண்டுமில்லை. வண்டியை எடுக்கச் சொல்லுங்கோ."

வண்டி திரும்பியது. புகைக்குள், பள்ளி வாசலில், கரிந்த உருவமொன்று விக்னராஜாவைப்போலவே தலை சாய்த்து நின்றது. ஜெனியை மடியில் இறுக்கிக்கொண்டு அவள் அதைக் கண் வெட்டாமல் பார்த்தாள்.

"வா," என்றாள். "நானும் இதுகளோடதான் இருப்பன்."

அது கையசைத்தது. படியிறங்கி, வண்டிக்குப் பின்னால் நடக்கத் தொடங்கியது.