மேற்குக் கையில் போன மஞ்சள் வாளி

“அந்த மஞ்சள் வாளியை ஆர் எடுத்தது?”

பவளராணி அதைக் கேட்ட தொனியில், வண்டிக்குள் இருந்த மூன்று பேரும் கையில் இருந்ததை அப்படியே வைத்துவிட்டார்கள். வண்டி என்றால் சும்மா வண்டி இல்லை. கட்டில், அடுப்பு, குளியலறை எல்லாம் உள்ளேயே வைத்துக் கட்டிய ஆர்.வி. கனடாவின் ஸ்காபரோவில் வாடகைக்கு எடுத்து, வடக்கே முக்கை ஏரிப் பூங்கா வரைக்கும் ஓட்டி வந்து, கதவைத் திறந்தால் தண்ணீர் தெரிகிற மாதிரி நிறுத்தியிருந்தார்கள். மகன் சாரங்கனுக்கு வருகிற கிழமை கல்யாணம். அந்த அமளிக்கு முன் கொஞ்சம் மூச்சு விட்டுவிட்டு வரலாம் என்று புறப்பட்ட பயணம் இது. மாப்பிள்ளை மட்டும் மண்டப வேலை என்று நகரத்திலேயே நின்றுவிட்டான். வந்தவர்கள் பவளராணி, கணவர் யோகலிங்கம், மகள் ஆரபி, பவளராணியின் அண்ணன் மகன் சேந்தன்.

யோகலிங்கம் தேநீரை ஆற்றியபடியே விசயத்தைச் சொன்னார். பக்கத்துக் கூடாரத்தில் இருந்த ஹென்றி என்ற வெள்ளைக்காரர் விடியவே கனூ என்கிற துடுப்புப் படகில் தனியாகப் புறப்பட்டாராம். வழிச்சாப்பாட்டுக்கு வெறும் பாண் ரொட்டியும் அவரைக்கொட்டையும்தானாம். பார்க்கப் பாவமாக இருந்ததாம். ஒரு மனிதரை வெறுங்கையோடு அனுப்புவதா என்று, அலுமாரியில் இருந்த பயத்தம் பணியார வாளியை அப்படியே தூக்கிக் கொடுத்துவிட்டாராம்.

“ஒருதரும் தின்னாத சாமான்தானே பவளம்” என்றார்.

பவளராணி வண்டிப்படியில் பொத்தென்று இருந்துவிட்டாள். ஆரபி ஓடிவந்து தோளைப் பிடித்தபோதுதான் தாய் சொன்னாள்: “அடியில கொடி கிடக்குதடி.”

கல்யாண வீட்டைக் கள்ளர் மோப்பம் பிடிக்கிறார்கள் என்று ஊரெல்லாம் கதை. பூட்டிய வீட்டில் தாலிக்கொடியை விட்டுவிட்டு வர அவளுக்கு மனம் வரவில்லை. ஆகவே மஞ்சள் துணியில் சுற்றி, காலி ஐஸ்கிறீம் வாளியின் அடியில் வைத்து, மேலே பயத்தம் பணியாரத்தை நிரப்பி மூடிவிட்டாள். யோகலிங்கத்துக்குச் சீனி வருத்தம், இனிப்பைத் தொடமாட்டார். பிள்ளைகள் அந்தப் பலகாரத்தைக் கண்டாலே முகத்தைச் சுளிப்பார்கள். உலகத்திலேயே பத்திரமான பெட்டகம் அதுதான் என்று அவள் முடிவு கட்டியிருந்தாள். யாருக்கும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கண்டவருக்கெல்லாம் அள்ளிக் கொடுக்கிற ஒரு கை வீட்டில் இருப்பதை மறந்தே போனாள்.

அது வெறும் நகை என்றால் அவள் அழுதுவிட்டு எழும்பியிருப்பாள். பவளராணியின் சொந்தக் கொடி சண்டைக் காலத்தில் விலைப்பட்டுப் போனது. சாரங்கன் அப்போது கைக்குழந்தை. கொடியை விற்ற காசில்தான் கிளாலிக் கடல்நீரேரியில் படகேறி, கொழும்பு போய், கடைசியில் இந்த நாட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். அன்றிலிருந்து அவள் கழுத்தில் மஞ்சள் கயிறுதான். எனக்கு இல்லாவிட்டால் பரவாயில்லை, வருகிற மருமகள் கழுத்தில் கொடி கிடக்கவேண்டும் என்று பல வருசம் ஆசைப்பட்டு, பார்த்துப் பார்த்துச் செய்வித்தது அது.

சேந்தன் தாவி எழுந்தான். இந்தப் பையனைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். காட்டுக்கு வருகிறோம் என்று கரடிக்கு அடிக்கிற மிளகாய்ப் புகைக் குப்பி, கரடியை எச்சரிக்கிற மணி, பெரிய கத்தி எல்லாம் வாங்கி வந்திருந்தான். பயன்பட்டது வெங்காயம் வெட்டிய கத்தி மட்டும்தான். இப்போதாவது தன் நேரம் வந்தது என்று அவனுக்கு உள்ளூர ஒரு சந்தோசம்.

பூங்கா அலுவலகத்தில் இருந்த பெண் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள். கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். ஹென்றி, ஏரி மேற்கே ஒரு கை போல நீண்டு கிடக்கிற மேற்குக் கையின் கடைசி முகாமுக்குப் போயிருக்கிறார். அங்கே போனும் எடுக்காது, எஞ்சின் படகும் விடமாட்டார்கள். காவலர்கள் எல்லோரும் ஏரியின் மறுபக்கத்தில் எழும்பிய காட்டுத்தீயைப் பார்க்கப் போய்விட்டார்கள். நாளை விடிந்தால் ஹென்றி கனூவைத் தோளில் தூக்கிக்கொண்டு அடுத்த ஏரிக்குக் கடந்துவிடுவார். பிறகு அவரைப் பிடிப்பதென்றால் கல்யாணம் முடிந்த பிறகுதான். அவள் ஒரு வரைபடத்தை நீட்டி, மத்தியானத்துக்குப் பிறகு காற்று எழும்பும், கரையை விட்டு விலகவேண்டாம் என்று மட்டும் எச்சரித்தாள்.

ஆரபிக்குக் கனூ புதிதில்லை. பள்ளியில் பழகி, போன கோடையில் முகாமொன்றில் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லியும் கொடுத்தவள். பூங்காவில் ஒரு கனூவை வாடகைக்கு எடுத்துக்கொண்டு தானும் சேந்தனும் போய் வருவதாகத் திட்டம் போட்டாள். அப்பா வண்டியோடு நிற்கட்டும், அம்மா அவரோடு நிற்கட்டும்.

அம்மா நிற்கவில்லை. கிளாலிக்குப் பிறகு குளிக்கிற தொட்டியைத் தவிர வேறு தண்ணீரில் கால் வைக்காத பவளராணி, மிதவை அங்கியைத் தலைகீழாகப் போட்டுக்கொண்டு கரையில் வந்து நின்றாள்.

“மாமி, நீங்க இஞ்சயே நில்லுங்கோ” என்று கெஞ்சினான் சேந்தன்.

“என்ர பிழையால போனது. என்ர கையாலதான் வாங்கோணும். தள்ளடா கனூவை.”

யோகலிங்கம் அங்கியைச் சரியாகப் பூட்டிவிட்டார். ஒரு போத்தல் இஞ்சித் தேநீரையும் கம்பளியையும் மடியில் வைத்தார். அவருக்கு மன்னிப்புக் கேட்கவேண்டும் போல இருந்தது. கேட்கத் தெரியாமல் கனூவைத் தள்ளிவிட்டார்.

ஆரபி பின்னால், சேந்தன் முன்னால், நடுவில் பவளராணி. ஏரி பளபளவென்று அமைதியாகக் கிடந்தது. சேந்தன் இடுப்பில் கட்டிய கரடி மணி, துடுப்புப் போடும்போதெல்லாம் கிணுகிணுத்தது. கோயில் மாடு மாதிரி இருக்கிறது, கழற்று என்றாள் ஆரபி. அவன் கழற்றவில்லை. பவளராணி இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக மூடி, பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்துகொண்டே வந்தாள்.

மேற்குக் கையின் வாசல் ஒடுங்கிய கால்வாய். இரு பக்கமும் நாணல், தண்ணீர் முழுக்க அல்லி இலை. பாதி தூரம் போயிருப்பார்கள், சேந்தனின் துடுப்பு அந்தரத்திலேயே நின்றது. கால்வாய்க்குக் குறுக்கே, வயிறளவு தண்ணீரில், ஆர்.வி. கதவளவு உயரத்தில் ஒரு மூஸ் மான்! வாயில் அல்லித்தண்டு தொங்க அது இவர்களையே பார்த்துக்கொண்டு நின்றது. சேந்தன் குப்பியைத் தேடினான். அது வண்டியில் மேசைக்கு மேலே பத்திரமாக இருந்தது.

ஆரபி அசையவேண்டாம் என்று மெல்லச் சொன்னாள். அதன் குட்டி பக்கத்தில் எங்கேயாவது நிற்கும், பயந்தால் பாயும். மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். சேந்தன் கொஞ்சம் அசைந்தான், மணி கிணுங்கென்றது. மான் காதை ஆட்டியது. அப்போதுதான் நாணலுக்குள்ளிருந்து ஒரு குட்டி தடுமாறி வெளியே வந்து தாயோடு ஒட்டிக்கொண்டது. இரண்டும் சளக் சளக்கென்று கரையேறிக் காட்டுக்குள் போய் மறைந்தன.

“பாவம், அதுகும் பிள்ளையைக் கரை ஏத்தத்தான் நிண்டிருக்கு” என்றாள் பவளராணி. கண்ணை எப்போது திறந்தாள் என்று அவளுக்கே தெரியாது.

மானுக்காகக் காத்து நின்றதில் வெகு நேரம் போய்விட்டது. கால்வாயைத் தாண்டி அகன்ற தண்ணீருக்கு வந்தபோது வானம் கறுத்துவிட்டது. காற்று சுழன்று வந்து முகத்தில் அடித்தது. அலை கனூவின் விளிம்பைத் தொட்டுத் தொட்டு இறங்கியது. ஆரபி கரையோரமாக ஒதுக்கினாள். மழை சரசரவென்று இறங்கிய அந்த நேரம் சேந்தன் கையை நீட்டிக் கத்தினான். தூரத்தில், நடு ஏரியில், கவிழ்ந்த கனூ ஒன்று. அதன் முதுகைக் கட்டிப்பிடித்தபடி ஒரு நரைத்த தலை.

ஹென்றிதான்! கரையோரம் பாதுகாப்பு, நடு ஏரி ஆபத்து. ஆனால் அந்தக் குளிர்ந்த தண்ணீரில் மனிதர் எவ்வளவு நேரம் தாக்குப்பிடிப்பார்? ஆரபி அம்மாவைப் பார்த்தாள். பவளராணி தலையை ஆட்டினாள். கனூவின் மூக்கை அலைக்கு நேராகத் திருப்பி, இருவரும் தோள் கழன்றுபோகத் துடுப்புப் போட்டார்கள். நடுவில் பவளராணி தேநீர்ப் போத்தல் மூடியால் தண்ணீரை இறைத்துக் கொட்டினாள்.

பாதி வழியில் சேந்தன் அதைக் கண்டான். வலப் பக்கம், நாலு துடுப்புத் தள்ளி, அலைமேல் ஏறி இறங்கியபடி ஒரு மஞ்சள் வாளி. மூடி திறபடாமல் மிதந்துகொண்டிருந்தது. காற்று அதை வேகமாக வடக்கே தள்ளிக்கொண்டு போனது.

“மாமி, வாளி! திருப்பு மச்சாள், எட்டிப் பிடிச்சிடுவன்!”

திருப்பினால் பிடித்துவிடலாம்தான். ஆனால் அலைக்குப் பக்கவாட்டில் போகவேண்டும். மறுபடி மூக்கை நிமிர்த்தி ஹென்றியிடம் போவதற்குள் என்ன ஆகுமோ. ஹென்றியின் ஒரு கை ஏற்கனவே வழுக்கிவிட்டது. ஆரபி துடுப்பைத் தண்ணீரில் ஊன்றியபடி திகைத்தாள். இது அம்மாவின் கொடி. மகள் எப்படி முடிவெடுப்பாள்?

பவளராணி வாளியைப் பார்த்தாள். ஒரே ஒரு தரம்தான் பார்த்தாள்.

“அது போகட்டும். ஆளைப் பிடியுங்கோ.”

“அம்மா...”

“துடுப்பை வலியடி எண்டுறன்!”

வலித்தார்கள். ஹென்றியின் உதடு நீலம் பாய்ந்திருந்தது, பேச்சு வரவில்லை. அவரைக் கனூவுக்குள் இழுத்தால் எல்லோரும் சேர்ந்து கவிழவேண்டியதுதான். ஆரபி கனூவின் பின்முனையை அவருக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பிடிக்கச் சொன்னாள். விறைத்த விரல்களால் அவரால் பிடிக்கவே முடியவில்லை. அப்போது பவளராணி, தண்ணீருக்குப் பயந்த அந்தப் பவளராணி, முழங்காலில் தவழ்ந்து பின்னுக்கு வந்து, ஆரபியைச் சுற்றிக் கையை நீட்டி, அவருடைய அங்கிப் பட்டியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கரை தட்டும்வரை அந்தப் பிடியை அவள் விடவில்லை.

கரையில் பாறை மறைவில் கம்பளியால் ஹென்றியைச் சுற்றினார்கள். மிதவை அங்கிக்குள் அதிகம் நனையாமல் இருந்த தன் மேலங்கியைக் கழற்றி அவர் தலையில் கட்டிவிட்டாள் பவளராணி. இஞ்சித் தேநீரை மிடறு மிடறாகப் பருக்கினாள். நடுக்கம் அடங்க வெகு நேரம் ஆனது. பேச்சு வந்ததும் அவர் முதலில் கேட்டது, இந்தக் காட்டுக்குள் நீங்கள் எப்படி வந்தீர்கள் என்றுதான். ஆரபி சொன்னாள். வாளிக்குள் என்ன இருந்தது என்று தெரிந்ததும் அந்த மனிதர் முகத்தைப் பொத்திக்கொண்டார். என்னால் போய்விட்டதே என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

சேந்தன் அவர் தோளைத் தடவிக் கொடுத்தான். நல்ல காலம், இடுப்பு மணியை எப்போதோ கழற்றிவிட்டிருந்தான், இல்லாவிட்டால் அந்த நேரத்திலும் அது கிணுகிணுத்திருக்கும்.

மழை விட்டதும் ஹென்றி திடீரென்று நிமிர்ந்து உட்கார்ந்தார். வாளி எந்தப் பக்கம் போனது என்று கேட்டார். வடக்கே என்றதும் வரைபடத்தை விரிக்கச் சொல்லி ஒரு சின்னக் குடாவில் விரலை வைத்தார். மேற்குக் கையின் தண்ணீர் வெளியேறுகிற வாய் அதுதானாம். அதைப் பீவர் என்கிற நீர்ப்பிராணிகள் மரமும் சேறும் வைத்து அணை கட்டி மறித்திருக்கின்றனவாம். இந்தக் கையில் விழுந்தது எதுவும் அந்த அணையைத் தாண்டிப் போகாது, என்னுடைய தொப்பியையே ஒருமுறை அங்கேதான் கண்டெடுத்தேன் என்றார்.

காற்று அடங்கியிருந்தது. சேந்தனை அவருக்குத் துணையாக விட்டுவிட்டு, தாயும் மகளும் கரையை ஒட்டியே போனார்கள். முன்னால் இருந்து துடுப்புப் போட்டது பவளராணி! கோணல் மாணலாகத்தான் போட்டாள், ஆனாலும் கனூ முன்னுக்குத்தான் போனது. குடா திரும்பியதும் கொப்பும் குழையுமாய் ஒரு நீண்ட அணை. அதன் நடுவில், இரண்டு தடிக்கு இடையில், மஞ்சள் வாளி செருகிக் கிடந்தது. கொழுத்த பீவர் ஒன்று அதைத் தடியென்று நினைத்தோ என்னவோ பல்லால் பிறாண்டிக்கொண்டிருந்தது. இவர்களைக் கண்டதும் வாலால் தண்ணீரைப் படாரென்று அடித்துவிட்டு மறைந்தது.

பவளராணி மூடியை நெம்பித் திறந்தாள். ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போகவில்லை. பணியாரங்களை ஒதுக்கி அடியில் விரலை விட்டாள். மஞ்சள் துணி. கனம். நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.

அழுது ஓய்ந்ததும் ஆரபி கேட்டாள், இவ்வளவு ஆசைப்பட்டதை எப்படியம்மா ஒரு நொடியில் விடச் சொன்னாய் என்று.

பவளராணி முகத்தைத் துடைத்தாள். “அண்டைக்கும் கொடியைக் குடுத்துத்தானே பிள்ளை, உன்ர கொண்ணன் சாரங்கனைக் கரை சேர்த்தனான். இண்டைக்கு அந்த மனிசன். எனக்கு இது புதுசே?”

வெயில் சாயமுன்னே ஆர்.வி.க்குப் பக்கத்தில் கரை தட்டினார்கள், ஹென்றியையும் சேந்தனையும் ஏற்றிக்கொண்டு, கரையொதுங்கிக் கிடந்த அவருடைய கனூவைப் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு. கரையில் நின்ற யோகலிங்கம் முழங்கால் நனைய ஓடிவந்தார். இனி எதையும் ஒருவருக்கும் கொடுக்கமாட்டேன் என்று சத்தியம் செய்யத் தொடங்கினார். பவளராணி தடுத்துவிட்டாள். நீங்கள் கொடுத்ததால்தான் நாங்கள் தேடிப் போனோம், தேடிப் போனதால்தான் ஒரு உயிர் தப்பியது, நீங்கள் கொடுங்கள், நான் இனி உங்களுக்குச் சொல்லிவிட்டு ஒளிக்கிறேன் என்றாள்.

கல்யாணத்துக்கு ஹென்றி வந்தார். முன்வரிசையில் இருந்து, தட்டில் வைத்த பயத்தம் பணியாரம் அத்தனையையும் ஒன்றுவிடாமல் தின்றார். சாரங்கன் கொடியைக் கட்டினான், மேளம் முழங்கியது, எல்லோரும் அறுகரிசி தூவினார்கள். புது மருமகள் காலில் விழுந்து எழும்பியபோது பவளராணியின் காதோடு ஒன்று கேட்டாள்.

“மாமி, கொடியில ஏன் பலகார வாசம் வருது?”

பவளராணி அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, பிறகு ஆறுதலாகச் சொல்லுகிறேன் பிள்ளை என்றாள். பவளராணியின் கழுத்தில் அந்த மஞ்சள் கயிறு அப்படியேதான் கிடந்தது.