நாலாவது பிரவுசர்

கணினித் திரையின் அடியில் வரிசையாக நிற்கும் நான்கு சின்னங்களில் கடைசியாக இருந்தது அந்தச் சாம்பல் வட்டம். அன்று காலை அதன் கீழே மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று தெரிந்தது. கோடு இருந்தால் அந்தப் பிரவுசர் திறந்திருக்கிறது என்று அர்த்தம்.

அவள் டீ கோப்பையை மேஜையில் வைத்துவிட்டு மறுபடியும் பார்த்தாள். இருந்தது.

அந்த வீட்டில் ஒரே கணினிதான். ஆனால் ஆளுக்கொரு பிரவுசர். பல் துலக்கும் பிரஷ் மாதிரி, ஒருவருடையதை இன்னொருவர் தொடக்கூடாது என்பது கல்யாணமான புதிதில் அவள் கணவன் போட்ட சட்டம். அவளுடையது கறுப்பு ஆந்தை. மூடிய மறுநொடியே பார்த்ததை எல்லாம் மறந்துவிடும். டாக்டர்கள் பேசிப் பதிவுசெய்து அனுப்பும் நோயாளிக் குறிப்புகளை ஹெட்ஃபோனில் கேட்டுத் தட்டச்சு செய்வது அவள் வேலை. ஊரார் உடம்பின் ரகசியமெல்லாம் அவள் காது வழியாகப் போகிறது என்பதால் அந்த மறதி அவளுக்குப் பிடித்திருந்தது. கணவனுக்கு நீலச் சக்கரம். லிஃப்ட் மெக்கானிக்கான அவன் எந்த ஊரில் வேலைக்குப் போய் போனில் எதைப் பார்த்தாலும், அது வீட்டுக் கணினியிலும் வந்து நிற்கும்.

"உங்க பிரவுசர் சரியான ஓட்டைவாய்" என்பாள் அவள்.

"உன்னுது கல்லுளிமங்கன், மேடம். அடிச்சாலும் வாயைத் திறக்காது" என்பான் அவன்.

கூடவே இருந்து கல்லூரியில் படிக்கும் நாத்தனாருக்குப் பச்சைக் கிளி. வண்ணவண்ணப் படங்களும் ஆடும் பூனைக்குட்டிகளுமாக, திறந்தாலே கண் கூசும்.

சாம்பல் வட்டம் கணினியோடு வந்தது. நீக்கவும் முடியாது. மற்ற மூன்றையும் இறக்குவதற்கு ஒருமுறை திறந்தார்கள், அவ்வளவுதான். விருந்தாளிக்கென்று எடுத்து வைத்து, விருந்தாளியே வராத நாற்காலி மாதிரி அது பாட்டுக்கு ஓரமாக இருந்தது.

அவள் அதைச் சொடுக்கினாள். தேடல் பெட்டிக்குக் கீழே பழைய தேடல்கள் வரிசையாக விழுந்தன.

*கணவன் வீட்டுக்கு வந்ததும் முதலில் என்ன செய்வான்*

*கணவன் மனைவியை எப்படிக் கூப்பிடுவான்*

*சிரிக்கும்போது பல் தெரிய வேண்டுமா*

கணவன் வேலைக்காக வெளியூர் போய் இரண்டு நாளாகிறது. வீட்டில் இருப்பது நாத்தனார் மட்டும். யாரையோ காதலிக்கிறாள் போலிருக்கிறது என்று முதலில் சிரிப்புத்தான் வந்தது அவளுக்கு. ஆனால் மூன்றாவது வரியில் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது.

மாலையில் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டதும், தினமும் சொல்வதைச் சொன்னாள்.

"வந்துட்டியாடி வாலு? செருப்பை ஒழுங்கா விடு."

"விட்டாச்சு, அண்ணி."

"அந்த நாலாவது பிரவுசர்ல என்னடி தேடுற?"

"எது, அந்தச் சாம்பலா?" நாத்தனார் பையைச் சோபாவில் எறிந்தாள். "வேற பிரவுசர் இறக்குறதைத் தவிர அதை எதுக்காவது உலகத்துல யாராச்சும் தொடுவாங்களா? என்னைப் பார்த்தா அவ்வளவு அசடாவா தெரியுது?"

"கல்யாண ஆசை வந்திருந்தா நேரா சொல்லு. உங்க அண்ணன்கிட்ட நான் பேசுறேன்."

"அய்யோ அண்ணி! நாளன்னிக்குப் பரீட்சை. கணக்கு மாஸ்டரை வேணும்னா தலை முழுகணும்னு ஆசை இருக்கு. வேற ஆசை கிடையாது."

முகத்தில் கள்ளம் தெரியவில்லை. அதனாலேயே சந்தேகம் வலுத்தது. இவ்வளவு நன்றாக நடிக்க இவளுக்கு எப்போது தெரிந்தது?

அன்று படுக்கப்போகும் முன் கணினியின் பிளக்கைப் பிடுங்கித் தரையில் போட்டாள். காலையில் ஒயர் போட்ட இடத்திலேயே பாம்புக் குட்டி மாதிரி சுருண்டு கிடந்தது. ஆனால் பெட்டியின் பின்பக்கத்தைத் தொட்டபோது, இப்போதுதான் எழுந்து போன ஒருவரின் படுக்கையைத் தொட்டது போல வெதுவெதுப்பாக இருந்தது. பிளக்கைச் செருகினாள். திரை விழித்தது. சாம்பல் வட்டத்தின் கீழே வெள்ளைக் கோடு.

*லிஃப்ட் மெக்கானிக் கையில் என்ன வாசனை வரும்*

*இடது கைக்காரன் சட்டைப் பொத்தானை எப்படிப் போடுவான்*

அவள் கணவன் இடது கைக்காரன். அந்த வீட்டு மவுஸ் விசைப்பலகையின் இடப்பக்கம்தான் இருக்கும், அவனுக்காக மற்ற இருவரும் பழகிக்கொண்டார்கள்.

உடனே அவனுக்குப் போன் போட்டாள்.

"உண்மையைச் சொல்லுங்க. அங்கேருந்து இந்தக் கணினியை நோண்டுறீங்களா?"

"ஏழு மாடிக்கு நடுவுல கம்பியில தொங்கிட்டிருக்கேன், மேடம். நோண்ட இங்க கிரீஸ் டப்பாதான் இருக்கு."

"விளையாடாதீங்க. சாம்பல் வட்டத்துல யாரோ உங்களைப் பத்தித் தேடுறாங்க."

"என்னைப் பத்தியா? அவ்வளவு பெரிய ஆளாயிட்டேனா?" சிரித்தான். பிறகு அவள் சிரிக்காததைக் கவனித்துக் குரலைத் தாழ்த்தினான். "நீலச் சக்கரம் இருக்கும்போது நான் எதுக்கு அதைத் தொடப்போறேன்? இங்க நான் எதைப் பார்த்தாலும் அது அங்கேயும் வந்து நிக்குதே. வாலு வேலையா இருக்கும். கண்டுக்காதே. ஞாயித்துக்கிழமை வந்துடுறேன்."

வாலுவின் வேலைதான். அப்படித்தான் இருக்க வேண்டும். கையும் களவுமாகப் பிடித்துவிட்டால் மனசு ஆறிவிடும்.

அதற்கு அவள் ஒரு பொறி வைத்தாள். சாம்பல் வட்டத்தைத் திறந்து, தன் கையாலேயே ஒரு வரி தட்டினாள்.

*லிஃப்ட் மெக்கானிக் டீயில் உப்புப் போட்டுக் குடிப்பான்*

சுத்தப் பொய். யாரிடமும் சொல்லவில்லை. நாத்தனார் இதைப் படித்தால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டாள். 'என்ன அண்ணி, அண்ணன் டீயில உப்புப் போடுறாராமே' என்று எப்படியும் உளறிவிடுவாள். அப்போது அவள் காதைப் பிடித்துத் திருகலாம்.

ஆனால் நாத்தனார் உளறவில்லை. கணினிப் பக்கமே வராமல், பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று தோழி வீட்டுக்குப் போய்விட்டாள். சனிக்கிழமை பரீட்சை முடிந்து சாயங்காலம் நேராக வீட்டுக்கு வருவதாகச் சொல்லியிருந்தாள்.

சனிக்கிழமை மதியத்திலிருந்தே வானம் மூடிக்கிடந்தது. நாலு மணிக்கே அறைக்குள் வெளிச்சம் அழுக்குத் தண்ணீர் மாதிரி மங்கியிருந்தது. ஹெட்ஃபோனுக்குள் மூச்சிரைக்கும் ஒரு டாக்டர் யாருடைய நுரையீரலையோ விவரித்துக்கொண்டிருந்தார். அவர் நிறுத்திய இடைவெளிகளில் இன்னொரு மூச்சும் கேட்பதாக அவளுக்குத் தோன்றியது. பதிவை நிறுத்தினாள்.

அந்த மூச்சு நிற்கவில்லை.

ஹெட்ஃபோனைக் கழற்றித் திரும்பினாள்.

"மேடம்" என்றான் கணவன்.

கதவருகே நின்றிருந்தான். தோளில் பை. பல் தெரியச் சிரித்தான். அறை முழுக்க கிரீஸ் வாசனை. வழக்கமாக விரலிடுக்கில் ஒட்டிக்கொண்டு வரும் இலேசான வாசனை அல்ல. ஒரு டப்பாவைத் தலையோடு கவிழ்த்துக்கொண்டது போல மூக்கை அடைத்தது.

"என்னங்க, நாளைக்குத்தானே வரேன்னீங்க? கதவு திறந்த சத்தமே கேட்கலை."

"வேலை முடிஞ்சுது" என்றான். கொஞ்சம் பொறுத்து, "மேடம்" என்று சேர்த்துக்கொண்டான்.

பயணக் களைப்பு என்று நினைத்து டீ போட்டுக் கொண்டுவந்தாள். அவன் கோப்பையை வாங்கிக்கொண்டு நேராகச் சமையலறைக்குள் போனான். டப்பாவின் மூடி திருகும் சத்தம். கரண்டி கோப்பையில் மோதும் சத்தம். கோப்பையுடன் திரும்பி வந்து, கணினிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து ஒரு வாய் குடித்தான்.

அவன் உதட்டோரம் உப்புக்கல் ஒன்று மினுங்கியது.

ஒரு நொடி அவள் அந்தக் கல்லையே பார்த்தாள். அடுத்த நொடி பெரிய நிம்மதி வந்து அவளை உலுக்கியது. இவனா! மூன்று நாளாக இவனா ஆட்டம் காட்டினான்! எங்கிருந்தோ நோண்டியிருக்கிறான். பொறியையும் படித்திருக்கிறான். கேலி செய்வதற்காக உப்பு டீயைக் கூடக் குடிக்கிறான்.

"அகப்பட்டீங்களா?" வாய்விட்டுச் சிரித்தாள். "பாவம், அந்தப் பொண்ணைப் போய்ச் சந்தேகப்பட்டேனே! எப்படிங்க செஞ்சீங்க? போதும், கொட்டிடுங்க அதை. வாந்தி வரப்போகுது."

அவன் சிரித்தான். பல் தெரிந்தது. இன்னொரு வாய் குடித்தான்.

"நல்லா இருக்கு, மேடம்."

"நடிப்பு போதும்னு சொல்றேன்ல?"

"நல்லா இருக்கு, மேடம்" என்றான் மறுபடியும். அதே குரல். அதே ஏற்ற இறக்கம். வேலையில் அவள் காலடி மிதிக்கட்டையைத் தட்டி, டாக்டரின் பதிவை மறுபடி ஓடவிடுவாளே, அப்படி.

அவள் சிரிப்பு உதட்டிலேயே காய்ந்தது. வேறெங்கே பார்ப்பது என்று தெரியாமல் திரையைப் பார்த்தாள். கை தானாக நீலச் சக்கரத்தைச் சொடுக்கியது. அவனுடைய ஓட்டைவாய். கல்யாணமான நாளிலிருந்து முதல்முறையாகச் சட்டத்தை மீறினாள்.

'உங்கள் செல்போனில்' என்ற தலைப்பின் கீழே அவன் திறந்து வைத்திருக்கும் பக்கங்கள் இருந்தன. ஞாயிற்றுக்கிழமை காலை ரயில், இருக்கை உறுதி. அந்த ஊரில் இன்று மழை. அவற்றுக்கு மேலே, அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, புதிதாக ஒன்று வந்து உட்கார்ந்தது. பக்கத்தில், *இப்போது* என்று எழுதியிருந்தது.

*காது வலிக்காத ஹெட்ஃபோன், பெண்களுக்கு.*

போன வாரம்தான் அவனிடம் புலம்பியிருந்தாள், நாள் முழுக்க மாட்டி மாட்டிக் காது மடல் வலிக்கிறது என்று.

அவள் மெல்லத் திரும்பினாள். பக்கத்தில் இருந்தவனின் இரண்டு கைகளும் கோப்பையைச் சுற்றி இருந்தன. சட்டைப் பையில் போன் இல்லை. மடியில் இல்லை. இடது கைக்காரனின் சட்டை. பொத்தான்கள் எல்லாம் சரியாகப் போடப்பட்டிருந்தன. ஆனால் துணிக்கும் தோலுக்கும் நடுவில் இடைவெளியே இல்லை.

திரையில் இன்னொன்று வந்து உட்கார்ந்தது. *இப்போது. ஹெட்ஃபோன், சிவப்பு நிறம்.*

அங்கே அவன் நிறம் பார்த்துக்கொண்டிருந்தான்.

எழுந்திருக்க நினைத்தாள். தோளில் ஒரு கை விழுந்தது. கனமில்லை. சூடும் இல்லை. கணினியின் பின்பக்கம் போல வெதுவெதுப்பு.

"என்ன பார்க்கிற?"

மேஜைமேல் அவள் போன் அதிர்ந்து ஒளிர்ந்தது. நாத்தனாரின் செய்தி. *பரீட்சை சூப்பர் அண்ணி!! தெருமுனைக்கு வந்துட்டேன். பசி உயிர் போகுது.*

அவனும் அதைப் படித்தான். உதடு அசையாமல் படித்தான்.

வராதே. ஓடு. எழுதினால் போதும், இரண்டே சொல். அவள் விரல் போனை நோக்கி நகர்ந்தது. தோளில் இருந்த கை கழுத்துக்கு நகர்ந்தது. விரல் நின்றது.

இன்னொரு கை நீண்டு மவுஸைப் பிடித்தது. வலது கை. இடப்பக்கம் இருந்த மவுஸைத் தூக்கி வலப்பக்கம் வைத்தது. அம்புக்குறி தயங்கவேயில்லை. நீலச் சக்கரத்தைத் தாண்டி. ஆந்தையைத் தாண்டி. கிளியைத் தாண்டி. பழகிய பாதையில் போவது போல நேராக, கடைசிக்கு.

சாம்பல் வட்டம் திறந்தது. அவன் முகத்தில் அதன் வெளிச்சம் விழுந்தது. சொந்த வீட்டுக்குள் நுழைந்தவனின் முகம்.

ஒரு விரல் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டியது. டொக். டொக். டொக்.

*நாத்தனார் வந்ததும் அண்ணி என்ன சொல்வாள்*

அவன் தலை மெல்லச் சாய்ந்தது, கேட்பது போல. உதடுகள் பிரிந்தன. தொண்டைக்குள் ஏதோ இடம் மாறிச் சரிசெய்துகொள்ளும் சத்தம்.

"வந்துட்டியாடி வாலு."

அவனுடைய ஆண் குரல்தான். அடிப்பக்கம் மட்டும் மெலிந்திருந்தது.

"வந்துட்டியாடி வாலு? செருப்பை…"

பாதி அவன். பாதி அவள்.

அவள் அலற வாயைத் திறந்தாள். காற்று வந்தது. குரல் வரவில்லை. தொண்டை தேடியது. குரல் இருந்த இடத்தில் இல்லை.

வாசலில் செருப்புச் சத்தம்.

"அண்ணி!"

அவன் அவளைப் பார்த்தான். பல் தெரியாமல், உதட்டோரம் மட்டும் சுருங்க, அவள் சிரிப்பது போலவே சிரித்தான். பிறகு கதவுப் பக்கம் முகத்தைத் திருப்பினான்.

"வந்துட்டியாடி வாலு? செருப்பை ஒழுங்கா விடு."

"விட்டாச்சு, அண்ணி" என்றது வாசல்.