கயிற்றின் மறுமுனை

"குழந்தைய நான் தூக்கிக்கறேன். நீ போய் உன் வேலையப் பாரு."

லாரியின் பின்பலகையில் ஒரு காலை வைத்தபடி மாமியார் சொன்னாள். பெரிய மருமகள் நீட்டிய கைகள் அந்தரத்தில் நின்றன. பிறகு, பக்கத்தில் கிடந்த சுத்தியலுக்காகத்தான் கையை நீட்டியவள் போல அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

பந்தலும் நாற்காலியும் வாடகைக்கு விடுவதுதான் அந்தக் குடும்பத்தின் தொழில். ஆள் வைத்துக்கொள்ளக் கட்டுப்படியாகாது. வீடே திரண்டு போய்ப் பந்தல் போடும், வீடே திரண்டு போய்ப் பிரிக்கும். கொழுந்தனுக்கும் அவன் பெண்டாட்டிக்கும் பிறந்த வாண்டுக்கு இரண்டரை வயது. பெரியவளுக்குப் பிள்ளை இல்லை. வாண்டு பிறந்ததிலிருந்து குளிப்பாட்டியது, சோறூட்டியது, தூங்க வைத்தது எல்லாம் அவள்தான்.

அதற்கு அவள் ஒரு வழியும் வைத்திருந்தாள். பந்தல் துணியில் கிழித்த நீள நாடா ஒன்றை இடுப்பில் கட்டிக்கொள்வாள். நுனியில் பெரிய முடிச்சு. அதுதான் வால். வாண்டு வாலைப் பிடித்துக்கொண்டால் ரயில் புறப்படும். பெரியம்மா பாத்திரம் தேய்க்க நின்றால் ஸ்டேஷன். துணி உலர்த்தப் போனால் அடுத்த ஸ்டேஷன். பெரியவளுக்கு முதுகில் கண் தேவைப்படவில்லை. நாடாவின் இழுவை போதும்.

போன வாரம் பால் பொங்கிய நேரம். அடுப்புப் பக்கம் வரக்கூடாதென்று நாடாவை அவிழ்த்து வைத்துவிட்டு, அடுப்பை அணைத்துத் திரும்பினாள். வாண்டைக் காணோம். தெருமுனை டீக்கடைக்காரர்தான் தூக்கிக்கொண்டு வந்தார்.

"கண்ண எடுக்கவே இல்ல அத்தை... திரும்பிப் பாக்கறதுக்குள்ள..."

"திரும்பிப் பாக்கறதுக்குள்ள தெருமுனைக்குப் போக அதுக்கென்ன ரெக்கையா இருக்கு? பெத்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

அத்தோடு நாடாவும் பறிபோனது. மாட்டைக் கட்டுவது போல என்ன பழக்கம் இது என்று மாமியார் அதைத் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள். இனிமேல் குழந்தையைத் தொடக்கூடாது என்று உத்தரவு.

அன்று வாசல் கேட்டைத் திறந்து போட்டுவிட்டுப் போனது கொழுந்தன். நாற்காலிகளைத் தலையில் சுமந்துகொண்டு போனவன் காலால் கேட்டைத் தள்ளியதைப் பெரியவள் சன்னல் வழியாகப் பார்த்திருந்தாள். ஆனால் முந்தின நாள்தான் அவனுக்கும் அவன் பெண்டாட்டிக்கும், அவனுடைய கவனக்குறைவை வைத்தே பெரிய சண்டை. இரண்டு பேரும் முகம் பார்த்துப் பேசவில்லை. இதையும் சொன்னால் அவள் பெட்டியைக் கட்டிவிடுவாள். பெரியவள் வாயைத் திறக்கவில்லை. அந்த வாரம் முழுக்க வாண்டு "பெரிம்மா, வால்" என்று கேட்டு அழுத அழுகையைச் சுவருக்கு அந்தப்பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

அன்று பிரிக்க வேண்டிய பந்தல் ஊருக்கு வெளியே ஒரு மைதானத்தில் இருந்தது. ஒரு பக்கம் குளம், மறுபக்கம் ஆளுயர வேலிச்செடி. புல்லில் பனி காயவில்லை. இவர்களை இறக்கிவிட்டு, பெரியவளின் கணவன் நாற்காலிகளின் முதல் சுமையோடு லாரியை ஓட்டிக்கொண்டு போய்விட்டான். மாமியார் வாண்டைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு மேசைத் துணிகளை மடித்தாள். கொழுந்தன் கம்புகளைச் சாய்த்தான். அவன் பெண்டாட்டி ஆணிகளைப் பொறுக்கினாள். காது மந்தமான மாமனார் எங்கேயோ கயிறு சுற்றிக்கொண்டிருந்தார். பெரியவள் தூரத்தில், சொன்னது சொன்னபடி, முதுகைக் காட்டிக்கொண்டு முளைக்குச்சி பிடுங்கினாள்.

"ஏண்டி, வாண்டு உங்கிட்டயா?" இளைய மருமகளை நோக்கி மாமியாரின் குரல்.

"இல்லையே அத்தை, உங்க பக்கத்துலதான..."

"நான் அவ தூக்கிட்டான்னு நெனச்சேன்," என்றான் கொழுந்தன்.

மூன்று பேரும் ஒருவர் கையை ஒருவர் பார்த்தார்கள். மூன்று பேர் கையிலும் குழந்தை இல்லை.

"இப்பதான்... இங்கதான்... கண்ண எடுக்கவே இல்லடி நான். ஒரு துணிய மடிச்சிட்டுத் திரும்பிப் பாக்கறதுக்குள்ள..."

மாமியார் பாதியில் நிறுத்தினாள். அந்த வார்த்தைகளைப் போன வாரம் யார் சொன்னார்கள் என்பது அங்கிருந்த எல்லோருக்கும் நினைவுக்கு வந்தது.

பெரியவள் அதைக் கேட்க நிற்கவில்லை. குளத்தை நோக்கி ஓடிக்கொண்டிருந்தாள். மற்ற இடங்களில் பிறகு தேடலாம், தண்ணீரை முதலில் பார்த்துவிட வேண்டும். கரையில் நின்று பார்த்தாள். தண்ணீர் அசங்காமல் கிடந்தது. கரைச் சேற்றில் கொக்கின் காலடி மட்டும். அப்போதுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

பின்னால் மூன்று குரல்கள் வாண்டின் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தன.

"கத்தாதீங்க," என்றாள் திரும்பி வந்து. அந்த வீட்டில் அவள் உத்தரவு போட்டது அதுதான் முதல் தடவை. "திட்டறீங்கன்னு நெனச்சு ஒளிஞ்சுக்குவா."

எல்லோரும் வாயை மூடினார்கள். அவள் வாண்டு உட்கார்ந்திருந்த இடத்தில் போய்க் குந்தினாள். நின்றால் மைதானம் தெரிந்தது. குந்தினால் மேசைக் கால்களும் புல்லும்தான். புல்லில் பனியை வழித்துக்கொண்டு ஒரு மெல்லிய கோடு வேலிச்செடியின் இடைவெளிக்குள் போனது. கயிறு இழுபட்ட தடம். அதன் ஓரத்திலேயே சின்னச் சின்னப் பாதங்கள்.

பெரியவள் எழுந்து ஓடவில்லை. சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒன்றை அடக்கிக்கொண்டு தடத்தின் மேலேயே நடந்தாள். மற்றவர்கள் பின்னால்.

வேலிக்கு அந்தப்பக்கம் மாமனார் இவர்களுக்கு முதுகைக் காட்டி நின்றார். வழி நெடுகக் கட்டியிருந்த தோரணக் கயிற்றை இழுத்து, முழங்கையில் சுற்றி, துணிக்கொடி வந்தால் நின்று அதை அவிழ்த்துப் பையில் போட்டு, மறுபடி இழுத்தார். கயிற்றின் மறுமுனை புல்லில் நகர்ந்தது, நின்றது, நகர்ந்தது. அதன் முடிச்சை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வாண்டு நடந்தது, நின்றது, நடந்தது. நிற்கும்போதெல்லாம் "டேசன்" என்று அறிவித்தது.

"வாண்டு," என்றாள் பெரியவள் மெதுவாக.

குழந்தை அவளைப் பார்த்தது. கயிற்றைப் பார்த்தது. கயிறு போகும் திசையைப் பார்த்தது. அந்த முனையில் இருக்க வேண்டிய பெரியம்மா இந்தப்பக்கம் எப்படி வந்தாள் என்று அதற்கு ஒரே குழப்பம்.

"பெரிம்மா, வால்," என்று முடிச்சை அவளிடம் நீட்டியது.

பெரியவள் அப்படியே ஈரப்புல்லில் உட்கார்ந்து அதை அணைத்துக்கொண்டாள். தொடக்கூடாது என்ற உத்தரவு யாருக்கும் நினைவில்லை.

மாமனார் திரும்பினார். "என்னடா கயிறு இந்தக் கனம் கனக்குதுன்னு பாத்தேன்... எல்லாரும் ஏன் பேயறஞ்ச மாதிரி நிக்கிறீங்க? பாதிக் கயிறு இன்னும் கெடக்கு."

கொழுந்தன் சிரிக்க ஆரம்பித்து, நடுவில் நிறுத்தினான். "அம்மா, அன்னைக்குக் கேட்டத் தெறந்து போட்டது நான்தான். அண்ணிக்குத் தெரியும்."

"தெரியுமா?" அவன் பெண்டாட்டி பெரியவளைப் பார்த்தாள். "ஏன்க்கா சொல்லல? பேச்சு பூரா நீங்களே வாங்கிக்கிட்டு..."

"சொல்லியிருந்தா நீ பெட்டியக் கட்டியிருப்ப. பெட்டியோட என் வாண்டும் போயிருக்கும்."

"கட்டத்தான் கட்டியிருப்பேன்," என்று அவள் அழுதுகொண்டே சிரித்தாள். பிறகு கணவன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். அந்த வாரத்தில் அவனோடு அவள் பேசிய முதல் பேச்சு அதுதான்.

மாமியார் பக்கத்தில் வந்தாள். "நான் பெத்தவதான். ரெண்டு பெத்தேன். எனக்கே தெரியலடி அது எப்ப எழுந்து போச்சுன்னு..." கண்ணைத் துடைத்தாள். "அந்த வார்த்தைய நான் சொல்லியிருக்கக் கூடாது."

"விடுங்க அத்தை. அதுக்கு ரெக்கைதான் இருக்கு போல."

இடுப்பில் செருகியிருந்த நாடாவை மாமியார் உருவினாள். பெரியவளைத் திருப்பி நிறுத்தி, அவள் இடுப்பில் தானே கட்டினாள். ஒரு முடிச்சு போட்டு, இழுத்துப் பார்த்து, இன்னொன்றும் போட்டாள்.

வாண்டு வாலைப் பிடித்தது. ஆனால் ரயில் புறப்படவில்லை. அது திரும்பி, பாட்டியிடம் தன் சட்டையின் பின்நுனியைக் காட்டியது.

"புடி," என்றது.

மாமியார் குனிந்து பிடித்துக்கொண்டாள்.