ஒன்பதாவது ஜாப் கார்டு

எட்டாவது தடவையாக ஒர்க்‌ஷாப்பிலிருந்து வண்டி திரும்பி வந்தபோது, சத்தம் இன்னும் கொஞ்சம் பின்னால் நகர்ந்திருந்தது.

மனைவியை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வரும்போது, கோலப்பனுக்கு அது கரமனைப் பாலத்தின் மேல் வைத்தே தெரிந்துவிட்டது. முதன்முதலில் அந்தச் சத்தம் பானட்டுக்குள் இருந்தது. என்ஜின் மவுண்டிங்கை மாற்றினார்கள். கியர் லீவருக்கு அடியில் வந்து உட்கார்ந்தது. அங்கே ரப்பர் புஷ்களை மாற்றியதும் முன்சீட்டுக்குக் கீழே போயிற்று. சைலன்சரைக் கழற்றி மாட்டினார்கள், பின்சக்கரத்து ஷாக் அப்சார்பர் இரண்டையும் புதிதாகப் போட்டார்கள். ஒவ்வொரு தடவையும் அது, அடுத்த அறைக்கு மரியாதையாக இடம் மாறுகிற வாடகைக்காரனைப்போல, ஓரடி பின்னால் நகர்ந்து கொடுத்தது. இப்போது டிக்கிக்குள் இருந்தது. பின்சீட்டின் சாய்மானத்துக்கு நேர் பின்னால். பின்சீட்டில் மங்கலம் படுத்திருந்தாள்.

மங்கலத்துக்குச் சிறுநீரகம் இரண்டும் போய் இரண்டு வருஷம் ஆகிறது. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். நாலு மணி நேரம் முடிந்து வெளியே வரும்போது துவைத்துப் பிழிந்த துணிபோல இருப்பாள். ஆட்டோவில் ஏற்றினால் பாளையம் தாண்டுவதற்குள் வாந்தி. அவள் படுத்துக்கொண்டே வீடு வந்து சேர வேண்டும் என்பதற்காகத்தான் கோலப்பன் இந்தப் பழைய வெள்ளைக் காரை வாங்கினார். ஓட்டம் அதிகம் என்று டீசல் வண்டியாகவே பார்த்தார். பழையதானாலும் ஒரு வருஷம் வாரண்டி உண்டு என்று விற்றவர்கள் சீல் வைத்துக் கொடுத்திருந்தார்கள். அந்தச் சீலை நம்பி ஒரு வருஷத்தில் பாதியை அவர் பாப்பனங்கோட்டு ஒர்க்‌ஷாப்பின் பிளாஸ்டிக் நாற்காலியில் கழித்தாயிற்று.

"சாரே, டீசல் வண்டியல்லே. கொறச்சு சத்தம் இருக்கத்தான் செய்யும்" என்பாள் ஜாப் கார்டு எழுதுகிற அஜிதா. நல்ல பெண்தான். ஒவ்வொரு தடவையும் அவர் சொன்னதை அப்படியே எழுதிக்கொள்வாள். சாயங்காலம் அதே கார்டின் அடியில், சோதித்ததில் குறை எதுவும் காணப்படவில்லை என்று மெக்கானிக்கின் கையெழுத்தோடு திரும்பி வரும்.

அஜிதாவிடம் கோலப்பன் சொல்லாத ஒன்று இருந்தது. பழவங்காடியில் அவருக்குப் பாத்திரக்கடை. முப்பது வருஷமாகக் குடத்தையும் உருளியையும் விரல் முட்டியால் தட்டிப் பார்த்துத்தான் விரிசல் இருக்கிறதா என்று சொல்கிறார். இரும்பில் இரும்பு இடித்தால் எப்படிக் கேட்கும், தகரத்தில் கல் பட்டால் எப்படிக் கேட்கும் என்று அவருக்குத் தெரியும். இது அதெல்லாம் இல்லை. தோலும் எலும்பும் சேர்ந்து தகரத்தில் படுகிற மந்தமான சத்தம். யாரோ தட்டுகிறார்கள். இதை எந்த ஜாப் கார்டில் எழுதச் சொல்வது?

தனியாக ஓட்டினால் அது வருவதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்சீட்டில் இரண்டு அரிசி மூட்டைகளைக் கிடத்தி விழிஞ்ஞம் வரை போய்த் திரும்பினார். டீசல் இரைச்சலைத் தவிர ஒன்றுமில்லை. திங்கட்கிழமை மங்கலம் ஏறிப் படுத்தாள். ஆஸ்பத்திரி கேட்டைத் தாண்டுவதற்குள் டொக் என்றது. அன்றிரவு அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்ததைப் பார்த்து மங்கலம் சிரித்தாள்.

"அதுக்குப் போயி இப்பிடிக் கெடந்து அடிச்சுக்கிடுதேளே. அது ஒண்ணும் செய்யாது. தட்டினா பதிலுக்குத் தட்டும், அவ்வளவுதான்."

"எது?"

"உங்க சத்தந்தான். நான் சீட்டுல ஒண்ணு தட்டினா அங்கேருந்து ஒண்ணு. ரெண்டு தட்டினா ரெண்டு. சும்மா படுத்துக் கெடக்கவளுக்கு வேற என்ன வேலை?"

கோலப்பன் கையைக் கழுவிவிட்டு எழுந்துவிட்டார். பயமாக இருந்தது. வண்டியை நினைத்தல்ல, அவள் அதை ஒரு பேச்சுத்துணைபோலச் சொன்னதுதான் பயமாக இருந்தது. வண்டியை விற்றுத் தொலைத்துவிடலாம். புதன்கிழமை அவளை எதில் கூட்டிப்போவது? மங்கலம் போய்விட்டால் இந்த வீட்டில் தனக்கு யாரும் இல்லை என்ற நினைப்பு அவருக்கு எப்போதும் நெஞ்சில் கிடந்தது.

மறுநாள் காலை ஒர்க்‌ஷாப்பில் அஜிதா ஒன்பதாவது ஜாப் கார்டை எடுத்தாள்.

"முப்பதாம் தேதியோட வாரண்டி கழியும் சாரே. அதுக்குள்ள நம்ம மெக்கானிக் ஸ்வந்தம் காதால கேட்டாத்தான் நான் மேல எழுத முடியும்."

அன்று ஜூன் இருபத்தெட்டு. உள்ளேயிருந்து கையைத் துடைத்துக்கொண்டே சத்தியதாஸ் வந்தார். மார்த்தாண்டத்துக்காரர், அங்கே மூத்த மெக்கானிக்.

"சத்தத்தப் பிடிக்கணும்னா ஆளு உள்ள படுக்கணும் சாரே. நாளைக்கு அம்மாவக் கூட்டிட்டு வரும்ப நானும் வாறேன். டிக்கியில படுத்துக்கிடுதேன். டீசல் எரச்சல்ல நான் கெடந்து கத்தினாலும் ஒங்களுக்குக் கேக்காது. அதனால சத்தம் வந்தா நான் ஒருக்கா தட்டுவேன். மூணு தட்டு தட்டினா வண்டிய நிப்பாட்டணும். இஞ்ச நாங்க எல்லா வண்டிக்கும் அப்பிடித்தான்."

கோலப்பனுக்கு அந்த ஆளைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. தன் காதைத் தவிர இன்னொரு காது. ஆறு மாதத்தில் முதன்முறையாக அன்று மத்தியானம் கடையில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனார்.

புதன்கிழமை காலையிலிருந்தே மழை. நாலரை மணிக்கு ஆஸ்பத்திரிப் போர்ட்டிகோவுக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தினார்கள். சத்தியதாஸ் இறங்கி டிக்கியைத் திறந்து, உள்ளே கிடந்ததையெல்லாம் ஒதுக்க ஆரம்பித்தார். "நீங்க போயி அம்மாவக் கூட்டிட்டு வாருங்க" என்றார். கோலப்பன் மேலே போனார். டெட்டால் வாசனையும் ஈரக் குடைகளின் வாசனையும் கலந்த வராந்தாவில் கால் மணி நேரம் நிற்க வேண்டியிருந்தது. சக்கர நாற்காலியில் மங்கலத்தைத் தள்ளிக்கொண்டு வந்தபோது மழை வலுத்திருந்தது. சத்தியதாஸைக் காணவில்லை. டிக்கி மூடியிருந்தது.

அவளைப் பின்சீட்டில் படுக்கவைத்துவிட்டு, குடையோடு பின்னால் போய் டிக்கிமேல் தட்டினார்.

"சத்தியதாசு, ரெடியா?"

உள்ளேயிருந்து ஒரு தட்டு.

சொன்ன சொல் தவறாத மனுஷன் என்று கோலப்பனுக்குச் சிரிப்பு வந்தது. வந்து ஸ்டீரிங்கில் உட்கார்ந்தார்.

"உள்ள யாரு?" என்றாள் மங்கலம்.

"மெக்கானிக்கு."

"பாவம், மூச்சு முட்டாதா?" அவள் சாய்மானத்தைப் பார்த்துத் திரும்பிப் படுத்து, ஊசி குத்திக் கட்டுப்போட்ட இடது கையை மெதுவாக நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள்.

பாளையத்தில் சிக்னல் விழுந்தது. வைப்பர் கண்ணாடியை இழுத்து இழுத்துத் துடைத்தது, டீசல் என்ஜின் காலடியில் கடகடத்துக்கொண்டிருந்தது, முன்னால் நின்ற பஸ்ஸின் புகை கண்ணாடி இடுக்கு வழியாக உள்ளே வந்து ஈரத்துணி வாசனையோடு கலந்தது. அந்த நேரத்தில், டொக். ஒரு மூச்சு இடைவெளி. இன்னொரு டொக்.

கேட்டுவிட்டார்! சத்தம் வந்தது, சத்தியதாஸ் பதில் கொடுத்துவிட்டார். கோலப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. நான் பைத்தியக்காரன் இல்லை, அஜிதா. எழுது. இனி என்னவென்று எழுதுவாயோ எழுது.

ஸ்டாச்சு ஜங்ஷன் தாண்டியதும் மறுபடி வந்தது. ஒன்று, பிறகு ஒன்று. ஆயுர்வேதக் கல்லூரி வளைவில் மறுபடியும். அவர் எண்ணிக்கொண்டே ஓட்டினார். ஓவர்பிரிட்ஜை நெருங்கும்போதுதான் அதைக் கவனித்தார். முதலில் வருகிற சத்தமும் அதற்குப் பதிலாக வருகிற சத்தமும் ஒரே மாதிரி இருந்தன. ஒரே கனம். ஒரே மந்தம். முப்பது வருஷம் தட்டிப் பார்த்த காது பொய் சொல்லவில்லை. இரண்டும் ஒரே விரல் முட்டி.

இருக்காது, தகரம் ஒன்றுதானே, அதனால் அப்படிக் கேட்கிறது என்று சொல்லிக்கொண்டார். முதல் சத்தமும் சத்தியதாஸ் தட்டியதாகவே இருக்கலாம். மனுஷனுக்குக் கை மரத்துப்போயிருக்கும். என்னவோ. வீட்டுக்குப் போய்க் கேட்டுக்கொள்ளலாம்.

பழவங்காடியில் கோயிலுக்கு முன்னால் வண்டிகள் நெருக்கியடித்து நின்றன. சட்டைப் பையில் செல்போன் அடித்தது. தெரியாத நம்பர்.

"சாரே, நான் சத்தியதாஸ். பூத்திலேருந்து பேசுதேன். என்ன இப்பிடி விட்டுட்டுப் போயிட்டிய?"

கோலப்பன் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"ஸ்டெப்னிய எறக்கி வச்சிட்டு, டிக்கிக் கதவக் கெட்டக் கயிறு வாங்க எதிர்த்த கடைக்குப் போனேன். திரும்பி வந்தா வண்டியக் காணல்ல. ஸ்டெப்னி இஞ்ச மழையில கெடக்கு."

"டிக்கிய..." கோலப்பன் குரலைத் தாழ்த்தினார். "டிக்கிய மூடிட்டா போனீரு?"

"இல்லியே. தொறந்துல்லா போட்டிருந்தேன். அடைச்சா உள்ளேருந்து தொறக்க ஏலாது. அதுக்குத்தான் கயிறு."

டொக். டொக். டொக்.

"அது என்ன சத்தம் சாரே?" என்றது போன்.

கோலப்பன் அதை மடியில் போட்டார். முன்னால் வழி விட்டது. அவர் நிறுத்தவில்லை. மூன்று தட்டினால் நிறுத்த வேண்டும் என்பது சத்தியதாஸுடன் பேசியது. பேசும்போது ஒர்க்‌ஷாப் வாசலில் வண்டியும் நின்றுகொண்டிருந்தது. கியரை மாற்றினார். ஆக்ஸிலேட்டரை மிதித்தார். கிள்ளிப்பாலம் வரை போனால் போதும், ஆள் இருக்கிற இடத்தில் நிறுத்தி அவளை இறக்கிவிடலாம். அவளை இறக்கினால் போதும். வண்டி எக்கேடும் கெட்டுப்போகட்டும்.

டொக். டொக். டொக்.

"நிப்பாட்டுங்கோ" என்றாள் மங்கலம்.

"இந்தா, செத்த நேரம்."

"நிப்பாட்டச் சொல்லுகேன்லா."

அவள் குரலில் பயம் இல்லை. அதைக் கேட்டதும் அவர் கால் தானாகப் பிரேக்கை மிதித்தது. சாவியைத் திருப்பினார். என்ஜின் இரண்டு தடவை உலுக்கிவிட்டு நின்றது. மழை மட்டும் கூரையில் விழுந்துகொண்டிருந்தது. பின்னால் வந்த லாரி ஹாரன் அடித்தது.

"மங்கலம், கதவத் தொற. கீழ எறங்கு."

"எறங்க முடியல்ல."

ஆணியில் சேலை மாட்டிக்கொண்டது என்று சொல்வதுபோலச் சொன்னாள். கோலப்பன் திரும்பிப் பார்த்தார்.

அவள் சாய்மானத்தோடு ஒட்டிக் கிடந்தாள். சீட்டுக்கும் சாய்மானத்துக்கும் இடையிலுள்ள இடுக்கில் அவளுடைய இடது கை முழங்கை வரை உள்ளே போயிருந்தது. அந்த இடுக்கில் ஒரு சில்லறைக் காசைப் போட்டாலே எடுப்பது கஷ்டம். கையில் கட்டியிருந்த துணி அவிழ்ந்து, பாதி வெளியே சுருண்டு கிடந்தது. மீதி உள்ளே இருந்தது.

"வெரலத்தான் நீட்டினேன்" என்றாள். "சும்மா. பாவம், இவ்வளவு நேரம் அது தட்டுதேன்னு. பிடிச்சுக்கிட்டு, கேட்டேளா. விடமாட்டேங்குது."

அவர் மழையில் இறங்கி ஓடிப் பின்கதவைத் திறந்தார். ஒரு முழங்காலைச் சீட்டில் ஊன்றி, இரண்டு கையாலும் அவள் தோளைப் பற்றி இழுத்தார். கொஞ்சம் வந்தது. இரண்டு விரற்கடை. ஊசி குத்திய இடத்திலிருந்து ரத்தம் சீட்டில் சொட்டியது.

பிறகு அந்தப் பக்கமும் இழுத்தது.

அவசரமில்லாமல் இழுத்தது. கோலப்பன் பற்களைக் கடித்துக்கொண்டு பிடித்தார். மங்கலம் அவர் முகத்தையே பார்த்தாள். அப்போதுதான் அவள் கண்ணில் பயம் வந்தது. அவர் பிடி வழுக்க வழுக்க, அவர் கண் முன்னால், முழங்கைக்கு மேல் மிச்சமிருந்த கை ஜாக்கெட்டோடு தோள் வரைக்கும் அந்த இடுக்குக்குள் போயிற்று.